காலுக்கு வாசிக்கிறது

– அப்ப, வாசிச்சு முடிச்சிட்டாய்.

– முடிச்சாச்சு அக்கா. ஏசுறதெண்டால் ஏசுங்கோ. ஆனால் இருந்துகொண்டுதான் கேப்பன், நிக்க ஏலாது.

– ஏசேல்லை. ஏசுறதுக்கும் உடம்பிலை கொஞ்சம் சத்து வேணும். விடியக் காலமையிலை இருந்து வயசுபோனதுகளைத் தூக்கிக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, கஞ்சி பருக்கிப்போட்டு வந்திருக்கிறன். இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போச்சு.

– கதவடியிலை உந்த பாக் என்ன?

– நாளைக்குக் காலமை றெயிலிலை கொலோனுக்குப் போறன். சிநேகிதி செல்லத்தின்ரை வீட்டை. அவள் வேலை செய்யிற வயோதிபர் இல்லத்திலையும் ஆள் எடுக்கினமாம்.

– ஒரு பின்னேரம் வயலின் வாசிச்சதுக்கு ஆரும் வீட்டை விட்டுப் போவினமே, அக்கா?

– வாசிச்சதுக்கில்லை, பீலிக்ஸ். ஆருக்கு வாசிச்சனி எண்டதுக்கு. ஆமிக்காரன் ஆடுறான், என்ரை தம்பி வாசிக்கிறான். அதுக்குப் பிறகு உன்னோடை ஒரு மேசையிலை இருந்து நான் என்னெண்டு சாப்பிடுறது?

– உவங்கள் எங்கடை ஊருக்கு வந்த ஆமி இல்லையே. இந்த நாட்டிலை காம்ப் போட்டிருக்கிற ஸ்கொட்லாந்துப் பெடியள். கனபேருக்கு முகத்திலை பருவும் மாறேல்லை.

– சப்பாத்துச் சத்தம் ஒண்டுதான்.

– சத்தியமா அக்கா, எனக்கும் முதல் அப்பிடித்தான் இருந்தது. சட்டி கழுவிக்கொண்டு நிக்கேக்கை பின்னாலை சப்பாத்துச் சத்தம் கேட்டால் கை தானா நிக்கும். ஆனால் வேலை அனுமதி கிடைச்ச நேரம் இந்த ஊரிலை ஆள் கேட்டது அந்தக் காம்ப் குசினி ஒண்டுதான். நீங்கள்தானே சொன்னீங்கள், போ, சட்டிக்குக் கொடி இல்லையெண்டு.

– சட்டி கழுவச் சொன்னன். கச்சேரி செய்யச் சொல்லேல்லை.

– தேத்தண்ணி ஊத்தட்டே?

– கேத்திலிலை கிடக்கு. எனக்கும் ஒரு கோப்பை வார். சீனி போடாதை... பீலிக்ஸ், ஒண்டு கேக்கட்டே? மாரி முழுக்க நீ கீழை நிலவறைக் கெல்லருக்கை இருந்து அந்த வயலினைத் தேய்ச்சுக்கொண்டு இருந்தாய். கீழ் வீட்டு மனிசி ரெண்டு தரம் வந்து கதவைத் தட்டினவள், மத்தியான ஓய்வு நேரத்திலை என்ன சத்தமெண்டு. நான்தான் பல்லைக் காட்டி அனுப்பினனான். இது எங்கையிருந்து வந்தது, ஆர் தந்தது எண்டு ஒரு நாளும் உன்னைக் கேக்கேல்லை. இண்டைக்குச் சொல்லு. போறதுக்கு முதல் தெரிஞ்சுகொண்டு போறன்.

– கேக்கமாட்டன் எண்டு நீங்கள்தானே காதைப் பொத்தினீங்கள்.

– இப்ப பொத்தேல்லை. சொல்லு.

– குசினிக்குப் பக்கத்திலை உருளைக்கிழங்கு வைக்கிற அறை இருக்கெல்லே. மேர்டோ எண்டு ஒரு ஆமிப் பெடியன். கோப்ரல். மற்றவங்கள் படுக்கிற இடத்திலை வாசிக்க விடமாட்டாங்கள், சப்பாத்தாலை எறிவாங்கள். அதாலை பின்னேரத்திலை அந்தக் கிழங்கு மூட்டையிலை வந்து இருந்து வாசிப்பான். நான் இஞ்சாலை சட்டி தேய்ப்பன். ஒரு நாள் எட்டிப் பாத்துச் சிரிச்சான். ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. பிறகு என்ரை இடக்கையைக் காட்டினான். கையிலை அகப்பைக் காம்பு. அதிலை என்ரை விரல் நாலும் தன்ரை பாட்டிலை ஓடிக்கொண்டு இருக்கு.

– எங்கடை ஊர்ப் பேசாலைக் கோவிலிலை வாசிச்ச விரல்.

– வாசிப்பியோ எண்டு கேட்டான். முந்தி வாசிச்சனான் எண்டன். அவ்வளவுதான். வயலினைத் தூக்கிக் கையிலை தந்திட்டான். நான் ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை. அக்கா, உங்களுக்குத் தெரியாதே, வெளிக்கிட்டு வந்த நாள்தொட்டு நான் வயலினைத் தொடேல்லை. தோளிலை வைச்சு, முதல் என்ன வந்தது சொல்லுங்கோ பாப்பம்?

– பெரிய வெள்ளிப் பாட்டு.

– ஓம். வியாகுலப் பாட்டுத்தான். முழு வில்லையும் இழுத்து வாசிச்சன். அவன் கேட்டுக்கொண்டு இருந்தான். முடிய, செத்தவீட்டுக்கு நல்லாயிருக்கு, இனி ஒரு கலியாணவீட்டுக்கு வாசி எண்டான். எனக்கு ஒண்டும் வரேல்லை. சத்தியமா ஒண்டும் வரேல்லை, அக்கா. கோவிலிலை கலியாணத்துக்கும் நாங்கள் இழுத்து இழுத்துத்தானே வாசிச்சனாங்கள்.

– சுவாமியார் கெதியா வாசிக்க விடமாட்டார். பொம்பிளை விழுந்துபோவாள் எண்டுவார். மேலை சொல்லு.

– அப்பதான் இந்த றீல் எண்டதைத் தொடங்கினான். அவன்ரை ஊரிலை ஆடுறதுக்கு வாசிக்கிறது. கடதாசியிலை ஒண்டும் இல்லை. வாயாலைதான். டிட்லி, டாட்லி, டிட்லி, டம் எண்டு சொல்லுவான், அதை நான் திருப்பிச் சொல்லவேணும். வாயிலை சரியா வந்தால்தான் வில்லைத் தொட விடுவான். கூத்துக்குப் பழக்கேக்கை அண்ணாவியார் வாயாலை தாளக்கட்டுச் சொல்லித் தருவாரே, அதுதான்.

– அந்த டிட்லி டாட்லி கெல்லராலை மேலை வந்தது. உனக்கு ஏதோ பிசகிப்போச்சு எண்டு நினைச்சன்.

– பாட்டுக்குப் பேர் மீன்காரியின்ரை அவசரம். கூடையோடை ஒரு மனிசி சந்தைக்கு ஓடுறாளாம். பேரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எங்கடை கடற்கரையிலை இல்லாத மீன்காரியே. ரெண்டு கட்டு. முதல் கட்டு ரெண்டு தரம், மற்றக் கட்டு ரெண்டு தரம், பிறகு திரும்ப முதலிலை இருந்து. அதுக்கு முடிவெண்டு ஒண்டு இல்லை. ஆடுறவை நிப்பாட்டுமட்டும் சுத்திச் சுத்தி வாசிக்கவேணும்.

– அந்த ரெண்டாம் கட்டு மேலை ஏறுற இடத்திலை நீ எப்பவும் தடக்குறனி.

– கேட்டிருக்கிறியள்.

– வீடு முழுக்கக் கேட்டது. மேலை சொல்லு.

– அந்த இடத்திலை ஒரு சுரத்தை மூண்டு தரம் வெட்டவேணும், மணிக்கட்டாலை. மீன் வெட்டுற மாதிரி, டக், டக், டக். என்ரை கை இழுத்துப் பழகின கை. வெட்டச் சொன்னால் அழும். வில்லிலை ஒரு சாண் காணும், மிச்சத்தை வீட்டை விட்டிட்டு வா எண்டுவான். பேந்து ஒரு நாள் சொன்னான், நீ காதுக்கு வாசிக்கிறாய், காலுக்கு வாசி எண்டு. கேக்கிறவன் தலையாட்டினால் பிழையாம். அவன்ரை குதிக்கால் தரையிலை நிக்க ஏலாமல் வரவேணுமாம்.

– வயலின் அவன்ரையோ?

– அவன்ரைதான். மார்கழியிலை அவையைச் சண்டை நடக்கிற பொஸ்னியாவுக்குச் சமாதானப் படையா அனுப்பினவை. போற நாள் கொண்டு வந்து தந்தவன். அங்கை குளிருக்கும் சேத்துக்கும் மரம் வெடிச்சுப்போகும், நான் வருமட்டும் நீ வைச்சு வாசி, வந்து நிண்டு கேப்பன் எண்டவன். அதாலைதான் அக்கா கெல்லருக்கை விடாமல் தேய்ச்சனான். ஒரு ஆமிக்காரன் சொன்னான் எண்டதுக்கில்லை. வந்து கேப்பான் எண்டதுக்கு.

– வந்தவனோ?

– வைகாசியிலை வந்தவன். நான் வயலினைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போனன். பெட்டியைப் பாத்தான், தொடேல்லை. நீயே வைச்சிரு, காம்பிலை நடக்கிற குடும்ப நாள் விழாவிலை நீ வாசி எண்டான். முந்தி எல்லா விழாவுக்கும் அவன்தான் வாசிக்கிறவன், விளங்குதோ அக்கா? ஏன் எண்டு கேட்டன். தோள் நோகுது எண்டான். அந்தத் தோளாலை கிழங்கு மூட்டை தூக்கித் தந்தவன்.

– அப்ப நீ ஓமெண்டிட்டாய்.

– உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவங்கள். குடும்பம் உள்ளவை எல்லாரும் வரலாமாம். நான் சொன்னன், அக்காவுக்கு நாரி ஏலாது எண்டு.

– பொய் சொல்லத் தேவையில்லை. வரமாட்டா எண்டு சொல்லியிருக்கலாம். சரி, இண்டைக்கு என்ன நடந்தது? பிழை விட்டனியோ?

– கேளுங்கோ. பெரிய கூடாரம் ஒண்டு. ஆம்பிளையள் எல்லாம் மடிச்ச பாவாடை கட்டி, வெள்ளைச் சேட்டு. மனிசிமார், பிள்ளையள், ஊர்ச் சனமும் கொஞ்சம். மேடையிலை நானும் மேளம் அடிக்கிற ஒருத்தனும். அத்தனை ஆமிக்காரரும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கினம். எங்கடை ஊரிலை அத்தனை பேர் என்னைப் பாத்திருந்தால் நான் கையைத் தலைக்கு மேலை தூக்கியிருப்பன்.

– ம்.

– கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிட்டன். முதல் கட்டு போச்சு. ரெண்டாம் கட்டு, அந்த வெட்டுற இடம், அக்கா, சத்தியமா தடக்கேல்லை. டக், டக், டக் எண்டு விழுந்தது. கண்ணைத் திறந்து பாத்தால் ஒருத்தனும் என்னைப் பாக்கேல்லை. எல்லாரும் ஆடுறாங்கள். கையைக் கோத்துச் சுத்துறாங்கள். பலகையெல்லாம் அதிருது. நான் வில்லை அமத்தினால் அவங்கள் குதிக்கிறாங்கள், நான் விட்டால் இறங்குறாங்கள். இவ்வளவு காலமும் ஆமி நிக்கச் சொன்னால் நாங்கள் நிண்டம், நடக்கச் சொன்னால் நடந்தம். இண்டைக்கு... எனக்கு அதைச் சொல்லத் தெரியேல்லை.

– நீ சொல்லிட்டாய். பிறகு?

– மேர்டோ முன்னுக்குத்தான் நிண்டவன். ஆடேல்லை. பாட்டு மூண்டாம் முறை திரும்பேக்கை முகம் ஒரு மாதிரிப் போச்சு. வாயைப் பொத்திக்கொண்டு ஆக்களை விலத்தி வெளியாலை போயிட்டான். எனக்கு வயலினைப் போட்டிட்டு ஓடவேணும் போலை. ஆனால் நிப்பாட்ட ஏலாது. நடுவிலை விட்டால் ஆடுறவை ஒருத்தருக்கு மேலை ஒருத்தர் விழுவினம். சுத்திச் சுத்தி வாசிச்சன், கண் கூடாரத்து வாசலிலை. கை நோவிலை விறைச்சுப்போச்சு. கடைசியா ஆரோ கையைத் தூக்கினாங்கள், விட்டன். எல்லாரும் கை தட்டேக்கை நான் குசினிப் பக்கம் ஓடினன்.

– கிழங்கு அறைக்கோ?

– அங்கைதான். மூட்டைக்கு மேலை குந்திக்கொண்டு இருக்கிறான். அழுதிருக்கிறான். என்னைக் கண்டவுடனை நல்லா வாசிச்சாய், காலுக்கு வாசிச்சாய் எண்டான். பிறகு கனக்கக் கதைச்சான், அக்கா. இவ்வளவு கதைச்சு நான் ஒரு நாளும் கேக்கேல்லை. என்ரை இங்கிலீசு குசினி இங்கிலீசுதானே. பாதி விளங்கினது, பாதி விளங்கேல்லை.

– விளங்கினதைச் சொல்லு.

– பொஸ்னியாவிலை ஒரு றோட்டு. இவையின்ரை வாகனம் றோட்டுக் கரையிலை நிக்குது. ஒரு பஸ் வருது, சனம் நிறைஞ்ச பஸ். துவக்கு வைச்சிருக்கிற அந்த ஊர் ஆக்கள் மறிச்சு, ஆம்பிளையளை மட்டும் இறங்கச் சொல்லுறாங்கள்... அக்கா, நான் இதைச் சொல்லாமல் விடட்டே? உங்களுக்கு...

– சொல்லு.

– இறக்கிக் கொண்டு போறாங்கள். இவையும் அதிலை நிண்டவையாம். நல்ல காரியம்தானே செய்திருக்கிறான், பிறகு ஏன் அழுகிறான் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

– என்ன நல்ல காரியம்?

– சனத்துக்குப் பக்கத்திலை நிண்டிருக்கிறான்தானே. அப்பிடித்தான் சொன்னவன்.

– அவன் சொன்னபடி சொல்லு. இங்கிலீசிலை சொல்லு. ஒரு சொல்லும் மாத்தாதை.

– வீ ஸ்ருட் பை. வீ ஜஸ்ற் ஸ்ருட் பை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னவன்.

– ஜஸ்ற் எண்டு சொன்னவனோ? வடிவா யோசிச்சுச் சொல்லு.

– ஓம். வீ ஜஸ்ற் ஸ்ருட் பை. ஏன் அக்கா? நீங்கள்தானே சின்னனிலை சொல்லித் தந்தனீங்கள், ஸ்ராண்ட் பை மீ எண்டால் எனக்குப் பக்கத்திலை நில், என்னைக் கைவிடாதை எண்டு.

– அதுக்கு ரெண்டு கருத்து, தம்பி. ஒண்டு நீ சொன்னது. மற்றது, கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது. ஜஸ்ற் வந்தால் ரெண்டாவதுதான். அந்தப் பெடியன் காப்பாத்தேல்லை. பாத்துக்கொண்டு சும்மா நிண்டிருக்கிறான்.

– கடவுளே. நான் அவன்ரை முதுகிலை தட்டி, வெரி குட், வெரி குட் எண்டு சொன்னனான்.

– உன்னிலை பிழையில்லை. வேறை என்ன சொன்னவன்?

– தலையிடக் கூடாதெண்டு மேலை இருந்து கட்டளையாம். ஒரு மனிசி பஸ் யன்னலாலை கையை நீட்டி இவன்ரை சட்டையைப் பிடிச்சவளாம். ஓடுற பஸ்சிலை இருந்தும் திரும்பி இவனைத்தான் பாத்துக்கொண்டு போனவளாம். பாட்டு மூண்டாம் முறை திரும்பேக்கை, எல்லாரும் குதிக்கேக்கை, அவளின்ரை முகம் வந்திட்டுதாம். பிறகு ஒரு மில்லைப் பற்றிச் சொன்னவன். மரம் அரியிற மில். அதோடை கதையை நிப்பாட்டிட்டான்.

– மில்லுக்கு என்ன?

– இறக்கினவையை அந்தப் பக்கம்தான் கொண்டு போனவங்களாம். இவை பிறகு அந்தப் பக்கம் போய்ப் பாத்தவையாம். என்ன பாத்ததெண்டு சொல்லேல்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

– அப்ப எந்தப் பக்கம் கொண்டு போனவங்கள் எண்டு அவைக்குத் தெரியும்.

– அக்கா. தேத்தண்ணி ஆறுது.

– உன்ரை அத்தான் றெக்ஸை இறக்கின பஸ்சிலையும் சனம் நிறைய இருந்தது, பீலிக்ஸ்.

– தெரியும் அக்கா. கதைக்க வேண்டாம்.

– உனக்குத் தெரியாது. நீ அப்ப இஞ்சை. அத்தானை ஆமி பிடிச்சிட்டுது எண்டு மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை. பின்னேரம் வீட்டை வந்தால் அவரின்ரை குடை மதிலுக்கு மேலை கிடக்கு. பஸ்சிலை வந்த ஆரோ கொண்டு வந்து வைச்சிட்டு, கதவைத் தட்டாமல் போயிட்டினம். நான் அந்த றோட்டாலை வந்த ஒவ்வொருத்தரிட்டையும் போய்க் கேட்டன். கொண்டக்டர் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவான். என்னட்டைப் படிச்ச பிள்ளையின்ரை தாய் ஒருத்தி, ரீச்சர், நான் அண்டைக்கு நித்திரை எண்டாள். ஆமி சொல்லாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பாத்தவை ஒருத்தரும் சொல்லேல்லை. எந்தப் பக்கம் கொண்டு போனவங்கள் எண்டாவது ஒருத்தர் சொல்லியிருந்தால்.

– பயம் அக்கா. எல்லாருக்கும் பயம்.

– ஓம், பயம்தான். நான் ஆரையும் குற்றம் சொல்லேல்லை. களைச்சுப்போனன், தம்பி. நாலு வருசமா ஒவ்வொரு நாளும் அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு ஒருக்கால் நினைச்சு, இல்லையெண்டு ஒருக்கால் நினைச்சு. அந்த வேலைதான் எனக்கு முதுகை முறிக்கிறது. வயசுபோனதுகளைத் தூக்கிறது இல்லை.

– அப்ப கொலோனுக்குப் போங்கோ. நான் மறிக்கேல்லை. செல்லமக்காவோடை இருந்தால் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். நான் நாளைக்கு மேர்டோவிட்டை வயலினைக் குடுத்துவிடுறன். இனி வாசிக்கேல்லை.

– அந்தக் கதை பிறகு. காம்புக்கு அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?

– அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு ஓடுது. இண்டைக்கு விழா எண்டபடியாலை. ஏன்? அக்கா, சப்பாத்தை ஏன் எடுக்கிறியள்?

– குடும்பத்து ஆக்களை உள்ளை விடுவினம் எண்டாய்தானே?

– விடுவினம். எண்டாலும் அக்கா, அங்கை எல்லாம் சீருடை. வாசலிலையே துவக்கோடை ரெண்டு பேர் நிப்பினம். நீங்கள் இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு அந்த றோட்டாலையே நடக்கிறேல்லை. அவனிட்டைப் போய் என்ன கதைக்கப்போறியள்? ஏசப்போறியளோ? அவன் ஏற்கெனவே உடைஞ்சுபோய் இருக்கிறான், அக்கா.

– ஏசமாட்டன். அவனுக்குப் பக்கத்திலை அந்தக் கிழங்கு மூட்டையிலை இருந்து, அந்த மில் எங்கை, என்ன பாத்தவை எண்டு வடிவா இங்கிலீசிலை கேப்பன். அவன் வைச்சுக்கொண்டு அழுகிற கதை அவன்ரை இல்லை, தம்பி, அது பஸ் யன்னலாலை கை நீட்டினவளின்ரை. எழும்பு, அவளுக்காக நான் போய் அதைக் கேட்டு வாங்கப்போறன்.